பல்கலைக்கழகம் உங்கள் வேலி வரை வரும்போது: பக்கத்து நில உரிமையாளருக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் குடும்ப நிலத்துக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் மதிலுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதைதான். விரிவாக்கம் என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து பணம் வங்கிக் கணக்கில் விழுந்த நாள் வரை எல்லா அலுவலகப் படியும் ஏறி இறங்கினேன். அப்புறம் அக்கம்பக்கத்துக்காரர்கள் பலருக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லாரும் இடறியது ஒரே இடத்தில்தான். விலையை முதலில் பேசினார்கள், பட்டாவைக் கடைசியில் தேடினார்கள். வேலை நடக்க வேண்டிய வரிசை அதற்கு நேர் எதிர்.

இங்கே எழுதுவது தமிழ்நாட்டு நடைமுறை. அடிப்படை, 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். 2014 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. கீழே "சட்டம்" என்றும் "பிரிவு" என்றும் வருவதெல்லாம், வேறு பெயர் சொல்லாத இடத்தில், இதைத்தான் குறிக்கும்.

## 1. கேட்பது யார், எந்தச் சட்டத்தில் என்று பாருங்கள்

அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா? மற்ற எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தது.

அரசு நடத்தும் அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்துக்கு நிலம் எடுப்பதைச் சட்டம் பொதுநோக்கம் என்று ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் விற்க மறுத்தாலும் அரசு முறைப்படி எடுக்க முடியும். தனியார் கதை வேறு. பொதுநோக்கப் பட்டியலில் உள்கட்டமைப்புத் திட்டங்களைச் சொல்லும் இடத்திலேயே, தனியார் மருத்துவமனை, தனியார் கல்வி நிறுவனம், தனியார் ஓட்டல் ஆகியவற்றைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே தனியார் பல்கலைக்கழகத்தின் தரகர் வந்து, "இப்போது கொடுக்காவிட்டால் கவர்மெண்ட் எடுத்துக்கொள்ளும்" என்றால், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தனியார் நிறுவனங்கள் ஏன் குறிப்பாகப் பக்கத்து நிலத்துக்கே அலைகின்றன என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2019-இல் வந்த தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம், புதிய பல்கலைக்கழகத்துக்கு 100 ஏக்கர் தொடர்ச்சியான நிலம் வேண்டும் என்று வைத்தது. நடுவில் உங்கள் ஒன்றரை ஏக்கர் இருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். அந்த ஒன்றரை ஏக்கரின் மதிப்பு, ஊரில் மற்ற ஒன்றரை ஏக்கரின் மதிப்பு அல்ல. பேரம் பேசும்போது இது நினைவிருக்கட்டும்.

அரசிடமிருந்து நோட்டீஸ் வந்தால், முதல் இரண்டு வரியில் சட்டத்தின் பெயர் இருக்கும். அதைப் படியுங்கள். நெடுஞ்சாலை, தொழில் நோக்கம், ஆதிதிராவிடர் நலத்திட்டம் ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டங்கள் உண்டு. அவற்றின் நடைமுறை வேறு. வளாகத்துக்கு எடுப்பதற்கு அவை பொருந்தாது. ஆனால் வளாகத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்த எடுத்தால் நெடுஞ்சாலைச் சட்டம் வந்துவிடும். பைபாஸ் சாலைக்கு நிலம் கொடுத்த மாமா சொல்லும் அனுபவம் உங்களுக்குச் சரிப்படாமல் போவது இதனால்தான்.

வழக்கமான தவறு: வதந்தி கிளம்பியதும் தரகரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பது. பவர் கொடுத்தவர் பெயரில் என்னென்ன நடக்கும் என்பதை அவரே கடைசியில்தான் கேள்விப்படுவார். விற்பதென்றால் கிரய உடன்படிக்கை போட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதைப் பதிவு செய்வது கட்டாயம். மீதித் தொகைக்கு ஒரு கெடு தேதி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

## 2. அறிவிக்கை வரும் முன்பே காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

நான் பார்த்தவரை, ஒரு குடும்பம் பணத்தை ஆறு மாதத்தில் வாங்குமா ஆறு வருடத்தில் வாங்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

தேவையானவை: மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை தொடர்ச்சியான பத்திரங்கள், பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்பட நகல் (நிலத்தின் அளவு வரைபடம்; அலுவலகத்தில் எஃப்.எம்.பி. என்பார்கள்), குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, சாகுபடி நிலமென்றால் அடங்கல் (என்ன பயிர் விளைந்தது என்ற கிராமக் கணக்கு), வீடு இருந்தால் வீட்டு வரி ரசீதும் மின் கட்டண ரசீதும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும்.

எடுத்த பிறகு ஒரு வேலை. எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி, நான்கு விஷயங்களை ஒப்பிடுங்கள்: பெயர், சர்வே எண் உட்பிரிவோடு, பரப்பு, நான்கு எல்லை. பத்திரத்தில் 1.20 ஏக்கர், பட்டாவில் 1.12 ஏக்கர் என்று இருப்பது சர்வசாதாரணம். இழப்பீடு வருவாய்த்துறைக் கணக்கில் உள்ள பரப்புக்குத்தான் கணக்கிடப்படும். அந்த 8 சென்ட்டை இப்போது கேட்காவிட்டால் அப்புறம் அதற்கு வழக்கு நடத்த வேண்டிவரும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்து, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, உட்பிரிவுடன் பட்டா மாற்றுங்கள். அத்தை, சித்தி என்று பெண் வாரிசுகளை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பணம் வரும் நேரத்தில் அவர்களில் ஒருவர் ஆட்சேபணை மனு கொடுத்தால் போதும், யாருக்குக் கொடுப்பது என்ற தகராறாகி முழுத் தொகையும் ஆணையத்தில் (நில இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்க இந்தச் சட்டத்தில் அமைத்த அமைப்பு) வைப்பாகப் போய்விடும். எங்கள் தெருவில் நான்கு அண்ணன் தம்பிகள் இப்படிக் காத்துக் கிடந்தார்கள். பங்கு கேட்ட அத்தையின் மேல் எந்தத் தவறும் இல்லை.

ஒருவேளை அறிவிக்கை வந்தேவிட்டது, பட்டா இன்னும் சரியில்லை என்றால் ஒரு கதவு திறந்திருக்கிறது. பிரிவு 11-இன் கீழ் முதற்கட்ட அறிவிக்கை வந்தபின் 2 மாதத்துக்குள் கலெக்டர் அந்தப் பகுதியின் நிலப் பதிவுகளைப் புதுப்பிக்க வேண்டும். அந்த 2 மாதத்தில் உங்கள் மனு அவர் மேசையில் இருக்க வேண்டும்.

## 3. அளந்து வைக்கவும், இருப்பதையெல்லாம் எழுதி வைக்கவும்

சர்வேயரை வைத்து உங்கள் செலவில் அளந்து கற்களைச் சரிபாருங்கள். இதற்குத் தாலுகா அலுவலகத்தில் எஃப்-லைன் மனு என்று ஒன்று உண்டு. வளாகத்தின் பழைய மதிலே உங்கள் எல்லைக்குள் இரண்டடி நுழைந்திருக்கலாம். விரிவாக்க வரைபடம் அந்த மதிலிலிருந்துதான் அளக்க ஆரம்பிக்கும்.

பிறகு நிலத்தில் உள்ள ஒவ்வொன்றையும் பட்டியல் போடுங்கள். தென்னை எத்தனை, காய்ப்பது எத்தனை, வேம்பு, தேக்கு, கிணற்றின் ஆழம், போர்வெல், மோட்டார் ரூம், பைப் லைன், வேலி, களம். மரத்தின் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி தெரியும்படி படம், வீடியோ எடுங்கள். நிலத்தோடு சேர்ந்தவை தனியாக மதிப்பிடப்பட்டு இழப்பீட்டில் சேரும்; எண்ணாத மரத்துக்குக் காசு இல்லை.

அரசு சார்பில் அளக்க வரும்போது நீங்கள் இருக்க வேண்டும், அல்லது எழுத்துமூலம் ஒருவரை நியமிக்க வேண்டும். உரிமையாளர் இல்லாமல் அளப்பதென்றால் குறைந்தது 60 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 12. வெளியூரில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வந்தவர்கள் எழுதும் பட்டியலில் கையெழுத்துக் கேட்டால், உங்கள் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு போடுங்கள். வித்தியாசம் இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே அதை எழுதுங்கள்.

## 4. தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி

2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும். இதை ஆட்சேபணைக் காலம் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஏனென்றால் ஆட்சேபணைக்கு 60 நாள்தான். பதில் வரவே அதில் பாதி போய்விடும்.

பல்கலைக்கழகத்தையும் கலெக்டர் அலுவலகத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று, வளாகத்தில் இப்போது உள்ள மொத்த நிலம் எவ்வளவு, அதில் கட்டடம் உள்ளது எவ்வளவு, காலி எவ்வளவு. இரண்டு, விரிவாக்கத்துக்கு ஆட்சிக்குழு எடுத்த தீர்மானத்தின் நகல். மூன்று, மாற்று இடம் பார்த்தார்களா, அதன் அறிக்கை. நான்கு, நிதி ஒதுக்கீட்டு ஆணை.

"ஏன் எங்கள் நிலத்தை எடுக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். காரண விளக்கம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்.

## 5. சமூகத் தாக்க மதிப்பீட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்

நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும் என்கிறது பிரிவு 4. அதில் பொது விசாரணைக் கூட்டமும் உண்டு. டீ, பிஸ்கட் கொடுத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் கூட்டம்தானே என்று பலர் போவதில்லை. நானும் முதல் கூட்டத்துக்குப் போகவில்லை. அதன் விலையைப் பிறகு கொடுத்தேன். நாங்கள் இல்லாத கூட்டத்தின் குறிப்பில், எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது.

மதிப்பீடு பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் இரண்டு உங்களுக்கு முக்கியம். கேட்கும் பரப்பு மிகக் குறைந்தபட்சத் தேவைதானா? வேறு இடம் பரிசீலிக்கப்பட்டு ஒத்துவராது என்று கண்டார்களா? தகவல் உரிமையில் வாங்கிய காலி நிலக் கணக்கை இங்கே நீட்ட வேண்டும். பேசினால் மட்டும் போதாது. பேசியதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள்.

குத்தகைக்கு உழுபவர்களும் அந்த நிலத்தை நம்பிய கூலித் தொழிலாளர்களும் கூட, 3 ஆண்டாக அங்கே பிழைப்பு நடத்தியிருந்தால், பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற கணக்கில் வருவார்கள். பட்டா இல்லை என்று அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அழைத்துப் போங்கள்.

## 6. அறுபது நாள் ஆட்சேபணை: விடக்கூடாத கெடு

பிரிவு 11 முதற்கட்ட அறிவிக்கை அரசிதழில், இரண்டு நாளிதழ்களில், ஊராட்சி மற்றும் தாலுகா அலுவலகங்களில், இணையதளத்தில் என்று பல இடங்களில் வெளியாகும். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று வாதாடிக்கொண்டிருக்காமல், எது முதலில் வந்ததோ அதிலிருந்து 60 நாள் என்று காலண்டரில் குறியுங்கள்.

ஆட்சேபணை கலெக்டருக்கு, எழுத்தில், பிரிவு 15 என்று குறிப்பிட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுத்த மனு, முதல்வரின் தனிப்பிரிவுக்கு அனுப்பிய மனு, கிராம சபைத் தீர்மானம் எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை பிரிவு 15 ஆட்சேபணைக்கு ஈடாகாது. இந்த ஒரு குழப்பத்தில் வாய்ப்பை இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "மூன்று மனு கொடுத்தேனே" என்பார்கள். மூன்றும் தவறான கதவு.

சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்று: நிலத்தின் பரப்பும் பொருத்தமும், பொதுநோக்கத்தின் நியாயம், சமூகத் தாக்க அறிக்கையின் முடிவுகள். உங்கள் வாதங்களை இந்த மூன்று தலைப்பின் கீழ் பிரித்து எழுதுங்கள். "பரம்பரைச் சொத்து, உயிரே போனாலும் தரமாட்டேன்" என்பது மனசுக்கு உண்மை; இந்த மூன்றில் எதிலும் அடங்காது. "வளாகத்தின் வடபகுதியில் காலி நிலம் இருப்பதாக உங்கள் பதிலே சொல்கிறது, இணைப்பு 3 பார்க்க" என்பது அடங்கும்.

இருபோகமோ முப்போகமோ விளையும் பாசன நிலமென்றால் பிரிவு 10-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய நிலத்தை வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் எடுக்கலாம். ஆதாரம், அடங்கல்.

கடைசியில் மறக்காமல் ஒரு வரி: "என்னை நேரில் விசாரிக்க வேண்டும்." விசாரணைக்கு நீங்கள் போகலாம், உங்கள் ஆளை அனுப்பலாம், வக்கீல் வைத்தும் பேசலாம். குடும்பத்தில் பட்டாதாரர் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆட்சேபணை போடுங்கள். ஒரே தாளில் நாற்பது கையெழுத்து என்றால் ஒரே மனுவாகத்தான் அதைப் பார்ப்பார்கள்.

இந்த அறிவிக்கை வந்த நாளிலிருந்து கலெக்டர் அனுமதியில்லாமல் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. மகள் கல்யாணத்துக்கு அடகு வைக்க நினைத்திருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.

அவசரம் என்று காட்டி இந்தப் படிகளையெல்லாம் தாண்ட முடியுமா என்று கேட்பார்கள். அவசரக் கையகப்படுத்தலைப் பிரிவு 40 நாட்டுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் பிற அவசரநிலை என்ற அளவில் நிறுத்தியிருக்கிறது. ஆய்வகக் கட்டடம் அதில் வராது.

அரசுக்கும் கெடு உண்டு. முதற்கட்ட அறிவிக்கையிலிருந்து 12 மாதத்துக்குள் பிரிவு 19 விளம்புகை (நிலம் எடுப்பது உறுதி என்ற அறிவிப்பு) வர வேண்டும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் இழப்பீட்டுத் தீர்வம் (இழப்பீடு எவ்வளவு என்ற கலெக்டரின் உத்தரவு) சொல்ல வேண்டும். இரண்டையும் அரசு காரணம் காட்டி நீட்டிக்கலாம். விளம்புகைக் கெடுவில் நீதிமன்றத் தடை இருந்த காலம் கணக்கில் சேராது. தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

## 7. இழப்பீட்டுக் கணக்கை நீங்களே போடுங்கள்

பிரிவு 21 நோட்டீஸ் வரும்போது உங்கள் கோரிக்கைத் தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். "அரசு பார்த்துக் கொடுப்பது போதும்" என்று எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் கூடுதல் கேட்க வாய் எழாது.

சந்தை மதிப்பு என்பது இரண்டில் அதிகமானது: அரசு வழிகாட்டி மதிப்பு, அல்லது பக்கத்தில் அதே வகை நிலத்தின் சராசரி விற்பனை விலை. (தனியார் பங்கேற்புத் திட்டங்களில் பேசி ஒப்புக்கொண்ட விலையும் சேரும்.) சராசரி எடுக்கும் முறைதான் முக்கியம். முந்தைய 3 ஆண்டுப் பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதியை மட்டும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

நம் ஊர்களில் எல்லாரும் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டு மீதியைக் கையில் கொடுத்துப் பழகியவர்கள். அதனால் பத்திர விலை எல்லாமே குறைவு. இழப்பீடு வரும் நாளில் அந்தப் பழக்கம் திருப்பி அடிக்கும். ஆகவே உண்மை விலை காட்டிய பத்திரங்களைத் தேடுவதுதான் வேலை. வங்கிக் கடன் வாங்கி மனை வாங்கியவர்களின் பத்திரங்களில் பெரும்பாலும் நெருக்கமான விலை இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, உங்கள் நிலத்திலிருந்து எத்தனை தூரம் என்று புலப்படத்தில் குறித்து இணையுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். சந்தை மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கிராமப்புறமென்றால் 1 முதல் 2 வரை அரசு நிர்ணயித்த எண்ணால் பெருக்க வேண்டும், நகர்ப்புறத்துக்கு 1. அது 1.5 என்றால் 15 லட்சம். மரம், கிணறு, கட்டடம் 2 லட்சம் சேர்த்தால் 17 லட்சம். அதன் மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை, அதாவது இன்னொரு 17 லட்சம். ஆக 34 லட்சம். இதுபோக, சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்த நாள் முதல் தீர்வம் அல்லது சுவாதீனம், எது முந்துகிறதோ அதுவரை, சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம். அந்த 2 லட்சத்தைக் கவனித்தீர்களா? அது 4 லட்சமாகி நிற்கிறது. படி 3-இல் மரத்தை எண்ணச் சொன்னது இதனால்தான்.

நிலத்தில் ஒரு பகுதி மட்டும் போகிறது என்றால் இன்னும் இரண்டு. மிச்ச நிலம் துண்டாவதால் வரும் நட்டமும், உங்கள் மற்ற சொத்துக்கோ வருமானத்துக்கோ வரும் பாதிப்பும் பிரிவு 28-இல் இழப்பீட்டுக் கணக்கில் சேரும். கிணறு அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம் என்று ஆனால், புதிய போர்வெல் செலவு முதற்கொண்டு கேளுங்கள். வீட்டின் பாதியை மட்டும் எடுக்கிறார்கள் என்றால், முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிரிவு 94-இல் கேட்கலாம். பாதி வீட்டை வைத்துக்கொண்டு வளாகச் சுவரைப் பார்த்தபடி உட்கார வேண்டியதில்லை.

## 8. பணம் வாங்கும் நாளில் என்ன எழுதுகிறீர்கள்?

தொகை குறைவு என்று நினைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ரசீதில், "தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆட்சேபணை இல்லாமல் வாங்கியவர் கூடுதல் இழப்பீட்டுக்கு மனு செய்ய முடியாது என்கிறது பிரிவு 77. அச்சடித்த படிவத்தில் அந்த வரி இருக்காது. எழுத இடம் இல்லை என்பார் எழுத்தர். ஓரத்தில் எழுதலாம்.

கூடுதல் கேட்டு ஆணையத்துக்கு அனுப்பும்படி கலெக்டருக்கு மனு: தீர்வம் சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால் அன்றிலிருந்து 6 வாரம். இல்லாவிட்டால் கலெக்டரின் அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 6 வாரம், அல்லது தீர்வத் தேதியிலிருந்து 6 மாதம், எது முந்துகிறதோ அது. சாதாரண சிவில் நீதிமன்றத்தில் இதற்கு வழக்குப் போட முடியாது. பிரிவு 63 தடுக்கிறது. நடைமுறையே தவறு என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வழி: அதே அறிவிக்கையில் வந்த பக்கத்து நிலக்காரர் ஆணையத்தில் கூடுதல் தொகை வாங்கினால், அந்தத் தீர்ப்புத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் நீங்களும் அதே விகிதத்தில் கேட்கலாம். எனவே பக்கத்து நிலக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கட்டும், வரப்புத் தகராறு பழையதாக இருந்தாலும்.

இந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை (பிரிவு 96). தனியார் நிறுவனத்துக்கு நேரடியாக விற்ற பணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

## 9. நிலம் போகாதவர்களுக்கு: பாதை, வாய்க்கால், விரிசல்

பக்கத்து உரிமையாளர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். எந்த நோட்டீஸும் வராது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வண்டிப்பாதையின் குறுக்கே அஸ்திவாரக் குழி இருக்கும்.

முதலில், பாதை யாருடையது என்று அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் பாருங்கள். பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அதை மறிக்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை இல்லை. தாசில்தாரிடம் உடனே எழுத்துமூலம் புகார். வாய்க்கால் புறம்போக்குக்கும் இதேதான். பாதை வளாகத்தின் சொந்த நிலத்தில் ஓடினால், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் கைகொடுக்கும். தடையில்லாமல், உரிமையோடு, வெளிப்படையாக 20 ஆண்டு பயன்படுத்திய பாதைக்கு உரிமை உண்டு. அரசு நிலமென்றால் 30 ஆண்டு. ஆனால் பாதை அடைபட்ட 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். "பேசிப் பார்க்கலாம்" என்று மூன்று வருடம் பேசிக்கொண்டே இருந்தவர்களுக்கு உரிமை போய்விடும்.

வழக்கில் அரசையும் சேர்ப்பதானால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இல் 2 மாத நோட்டீஸ் தேவை. அவசரமென்றால் நீதிமன்ற அனுமதியோடு உடனே போகலாம். எதிர்த்தரப்பு உங்களுக்கு எதிராகத் தடையாணை வாங்கும் என்று சந்தேகமிருந்தால், முன்கூட்டியே கேவியட் (எங்களைக் கேட்காமல் ஆணை போடாதீர்கள் என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு) போடுங்கள். அது 90 நாள் செல்லும். பிறகு புதிதாகப் போட வேண்டும்.

கட்டுமானம் தொடங்கும் முன் உங்கள் வீட்டின் எல்லாச் சுவரையும், உள்ளும் புறமும், தேதி தெரியும்படி படம் எடுங்கள். விரிசல் ஏற்கெனவே இருந்தால் அதையும் மறைக்காமல் எடுத்து, இரு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கிணற்றில் நீர் மட்டத்தை வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து குறியுங்கள். ஆழமான அடித்தளம் தோண்டும்போது ஊற்று நீரை இறைத்து வெளியேற்றுவார்கள். பக்கத்துக் கிணறு இறங்குவது அப்போதுதான். இந்தப் படங்களையும் குறிப்பையும் பல்கலைக்கழகப் பதிவாளருக்குச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு விரைவுத் தபாலில் வேலை தொடங்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். விரிசல் விழுந்த பிறகு அனுப்பினால், "பழைய வீடு சார், அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் வரும்.

## 10. விடுதி கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு

விரிவாக்கத்தில் லாபம் பார்க்கலாம் என்று கடன் வாங்கி மாடி எடுப்பவர்கள் உண்டு. அதற்கு முன் இரண்டு விஷயம். அந்த மனை விரிவாக்க வரைபடத்துக்கு வெளியே இருக்கிறதா என்று தகவல் உரிமையில் வாங்கிய நகலில் சர்வே எண்ணைப் பாருங்கள். முதற்கட்ட அறிவிக்கை வந்தபின் எழுப்பிய மாடிக்கு இழப்பீட்டில் மதிப்புக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

பெண்கள் தங்கும் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டு தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் சட்டப்படி உரிமம் கட்டாயம். மாணவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதென்றால், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒரு செமஸ்டர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டவர்கள், காலி செய்யச் சொல்லும்போதுதான் வக்கீல் முகவரி கேட்டு வருகிறார்கள்.